வரிக்காரரை வழிமறித்த ஊர்

பிரெஞ்சு தேசம் என்றவுடன் 1789-ஆம் ஆண்டின் பெரும் புரட்சியே நம்மவர் நினைவிற்கு வரும். அதற்கு 164 ஆண்டுகளுக்குப் பின் அத்தேசத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் சர்க்காரை எதிர்த்து எழுந்த வரலாற்றை அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே. வரி என்றால் முகஞ் சுளிக்காத வியாபாரி எவ்வூரிலும் இல்லையாதலின், நம் கடைத்தெரு அன்பர்கள் இதனைக் கேட்டறிதல் நன்று.

தெற்கே லோத் மாவட்டத்திலுள்ள சேன்-செரே ஒரு சிற்றூர். 1953 ஜூலையில், வரி அதிகாரிகள் கடைக் கணக்குகளைச் சோதிக்க வருகின்றனர் என்னும் செய்தி அங்கே எட்டிற்று. காகிதமும் புத்தகமும் விற்றுவந்த பியேர் பூஜாட் என்பவர் ஏறக்குறைய முந்நூறு பேரைத் திரட்டி வழிமறித்தார். அதிகாரிகள் வந்த வழியே திரும்பினர். முதலில் எச்சரித்தவர் கம்யூனிஸ்டுக் கட்சியைச் சார்ந்த ஒரு கொல்லர் என்பது வேடிக்கையே. பழமை பேணுவோர் கிளர்ச்சிக்குப் பொதுவுடைமைக்காரர் திரி கிள்ளினார்!

அவர்கள் குறை பொய்யன்று. யுத்த காலப் பஞ்சத்தில் சரக்கு வைத்திருந்தவனே ராஜா. 1952-இல் விலையேற்றம் நின்றது, இலாபம் சுருங்கிற்று, எல்லா வரிகளையும் ஒருங்கே சோதிக்கும் அதிகாரிகள் அவ்வேளையில்தானா வரவேண்டும்? ஆயினும் மறுபக்கமும் உண்டு. கூலி பெறுவோன் வருமானம் முதலாளியின் ஏட்டில் ஏறிவிடுகிறது. கடைக்காரன் வருமானமோ அவன் கல்லாப்பெட்டிக்கே வெளிச்சம். செக்ரோல் எழுதிக் காலங் கழிக்கும் எம்போன்றோருக்கு இவ்வேற்றுமை நன்கு விளங்கும்.

பூஜாட்டின் சங்கம் காட்டுத்தீப்போற் பரவிற்று. வரி கட்டாதோர் உடைமை ஏலத்திற்கு வந்தால், சங்கத்தார் திரண்டு சென்று அற்ப விலை கூறி ஏலத்தைக் குலைத்தனர். சோதனையைத் தடுப்போருக்குச் சிறைத் தண்டனை என 1954-இல் சட்டம் பிறந்தது. அது நெருப்பில் நெய்யாயிற்று. 1955 ஜனவரியில் பாரிஸ் நகரிற் பெருங்கூட்டம் கூடியது. மறு ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் நடந்த தேர்தலில் ஏறக்குறைய 25 இலட்சம் வாக்குகளும் ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களும் அவர்களுக்குக் கிடைத்தன. பூஜாட் தாம் அதில் நிற்கவில்லை.

நிற்க. வரிக் குறையைச் சொல்ல எழுந்த வாய், யூத குலத்தவரை இகழவும் திறந்ததே வெட்கத்திற்குரியது. 1954-இல் பிரதமரான மென்டெஸ் பிரான்ஸ் யூதர். மதுவைக் குறைத்துப் பாலைப் பருகுங்கள் என அவர் பிரசாரஞ் செய்ததும், அவர் உடலில் இந்நாட்டு இரத்தம் ஒரு துளியேனும் உண்டோ என ஏசினார் பூஜாட். கணக்குப் புத்தகத்திற்கும் பிறப்பிற்கும் என்ன சம்பந்தம்? பிறப்பைக் கொண்டு மனிதனை அளக்கும் கொடுமையை அறிந்த நாம், இதனை அற்பமாக எண்ணலாகாது. அவ்வணியில் 27 வயதிற் சட்டசபை புகுந்த ழான்-மரி லெ பென், 1972 முதல் தேசிய முன்னணியின் தலைவராக அந்த நஞ்சையே நெடுங்காலம் வளர்த்தார்.

சபையினுள் நுழைந்தோருக்கோ வேண்டாம் என்பதன்றி வேறு சொல் தெரியவில்லை. 1957-இல் பாரிஸ் இடைத்தேர்தலில் நின்ற பூஜாட் தோற்றார். 1958-இல் தெகோல் திரும்பியதும் கட்சி ஏறக்குறைய மறைந்தது. கடைகளை வாட்டியது வரி மட்டுமா? இளைஞர் தொழிற்சாலை நாடிச் சென்றதால் கிராமங்கள் வெறிச்சோடின. நகரத்துப் பெருங்கடைகள் மலிவாக விற்றன. வழிமறித்து நிறுத்த இவை இரு அதிகாரிகளல்லவே.

அறுபதுகளின் இறுதியில் சிறு வியாபாரிகள் மீண்டும் கிளர்ந்தனர். 1973-இல் அவர்கள் பெற்றது வரி நீக்கமன்று. பெருங்கடை திறக்க அனுமதி பெறவேண்டும் என்னும் சட்டம். சர்க்காரே கடைவாசலை விட்டு விலகு என்ற வகுப்பார், அதே வாசலில் அச்சர்க்காரையே காவலுக்கு நிறுத்திக்கொண்டனர்.