ராமேஸ்வரத்துக் கல்லும் நம்ம ஊர்த் தோணியும்



ராமேஸ்வரம் போனவர்கள் எல்லோரும் மூன்றாம் பிரகாரத்தைப் பற்றிச் சொல்வார்கள். 1212 தூண்கள், கிழக்கு மேற்காக சுமார் 690 அடி, உயரம் 22 அடிக்கு மேல். 18-ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி கட்டி முடித்தார். எல்லாம் சரி. திரேஸ்புரத்தில் தோணியையும் வல்லத்தையும் பார்த்து வளர்ந்த எனக்கு வேறொரு கேள்விதான் வரும். இந்தத் தீவே மணலும் பவளப்பாறையும்தானே, கருங்கல் எப்படி வந்தது?

பாம்பன் ரயில் பாலம் திறந்தது 1914-இல். சாலைப் பாலம் 1988-இல். அதற்கு முன்னால் ஒவ்வொரு கல்லும் கடல் தாண்டித்தான் வந்தாக வேண்டும். கரை வரைக்கும் மாட்டு வண்டி, அப்புறம் படகு. பாம்பன் வாயில் ஆழமும் குறைவு, பாறையும் அதிகம். பெரிய கப்பல் நுழையாது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன் (இஞ்சினீயர் புத்தி!). கருங்கல் ஒரு கன மீட்டர் சுமார் 2.7 டன். ஒரு தூணுக்கு ஒரே ஒரு கன மீட்டர் என்று வைத்தாலும் 3,270 டன் வருகிறது. பத்து டன் ஏற்றும் படகு என்றால் 327 நடை. அதுவும் தூண்களுக்கு மட்டும்! மேலே பரப்பிய கற்பலகை, தரை, மதில் எல்லாம் தனி. அடிபாரமாகக் கல் இருந்தால் படகு ஆடாது என்பது உண்மைதான். ஆனால் நீளமான கல் ஒன்று அலையில் உருண்டால் பலகை பிளந்துவிடும். வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் வேலையே நின்றிருக்கும்.

தஞ்சாவூர் நந்தி ஒற்றைக் கல். ராமேஸ்வரத்துப் பெரிய நந்தியோ சுதையால் ஆனது. அவ்வளவு பெரிய கல்லை எந்தப் படகு தாங்கும் என்று யோசித்துத்தான் சுண்ணாம்பை எடுத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

17-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கிழக்கு ராஜகோபுரம் பாதியில் நின்று, தேவகோட்டை ஏ.எல்.ஏ.ஆர். குடும்பத்தார் கையில் 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில்தான் 126 அடிக்கு உயர்ந்தது. அப்போதும் பாலம் கிடையாது.

சேதுபதிகளுக்குக் கோயிலில் சிலை உண்டு, இருக்க வேண்டியதுதான். கல் ஏற்றி இறக்கிய கடற்கரை ஆட்களைப் பற்றி எந்த வழிகாட்டியும் எனக்குச் சொன்னதில்லை. கட்டடத்தில் பாதிப் பெருமை அவர்களுடையது என்பேன்.

சிவில் படிக்கும் தம்பிகள் அடுத்த முறை போனால் டேப் எடுத்துக்கிட்டுப் போங்க. தூணோட தண்டை அளந்து என் கணக்கைச் சரிபார்த்து அடுத்த மலருக்கு எழுதுங்க.