உத்திசார் மேலாண்மைப் பாடமும் தருமபுரி மாவட்டத் தொழில் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

வணிக நிருவாகவியல் பட்டப்படிப்பின் இறுதியில் கற்பிக்கப்பெறும் உத்திசார் மேலாண்மை, அமெரிக்கப் பெருநிறுவனங்களின் அனுபவத்திலிருந்து உருவானது. பிரிவினைக்கு முந்தைய தருமபுரி மாவட்டத்தின் தொழில் வரலாற்றை அப்பாடத்துக்குரிய நேர்வாய்வாகக் கொண்டால், அரசைப் புறச்சூழல் என ஒதுக்கிவைக்கும் அதன் பாகுபாடு நிலைபெறுவதில்லை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: உத்திசார் மேலாண்மை, நேர்வாய்வு, தருமபுரி, ஓசூர், டிட்கோ, கூட்டுறவுச் சர்க்கரை ஆலை.

முன்னுரை

சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, 1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி தனி மாவட்டமாயிற்று. பின்னாளில் டிட்கோ என்று அறியப்பட்ட மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகம் நிறுவப்பெற்றதும் அவ்வாண்டில்தான். இகோர் அன்சாஃபின் ‘கார்ப்பரேட் ஸ்ட்ராட்டஜி’ என்னும் நூலும், ஹார்வர்டு பேராசிரியர்கள் லேர்னட், கிறிஸ்டென்சன், ஆண்ட்ரூஸ், கத் ஆகிய நால்வரின் ‘பிசினஸ் பாலிசி’ பாடநூலும் அதே 1965இல் வெளிவந்தன. இவை தற்செயலான ஒற்றுமைகளே. இவற்றில் மறைபொருள் தேடவேண்டியதில்லை. ஆயினும் ஒரு பாடத்தின் வரலாறும் ஒரு மாவட்டத்தின் வரலாறும் ஒரே காலத்தில் வளர்ந்தும், ஒன்றை ஒன்று சந்திக்காமலே சென்றிருப்பது ஆய்வுக்குரியது.

பாடத்தின் தோற்றம்

ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908இல் தொடங்கப்பெற்றது. சிகாகோவைச் சேர்ந்த பதிப்பாளர் ஆர்ச் ஷா அங்கு 1911–12 கல்வியாண்டையொட்டி ‘வணிகக் கொள்கை’ என்னும் வகுப்பைத் தொடங்கினார். கணக்கியல், சந்தையியல், உற்பத்தி எனத் தனித்தனியே கற்றவர்கள், இறுதியில் முழு நிறுவனத்தையும் நடத்துபவரின் இடத்திலிருந்து சிந்திக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். தொழில் நடத்துவோர் தம் சிக்கலை வகுப்பின்முன் வைப்பர். மாணவர்கள் அதற்குத் தீர்வு எழுதித் தருவர். கோட்பாடு என்று சொல்லத்தக்க எதுவும் அன்று இப்பாடத்தில் இல்லை. நேர்வே பாடமாக இருந்தது.

ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவில் கார்டனும் ஹோவெலும் 1959இல் வெளியிட்ட அறிக்கை, இத்தகைய ஒருங்கிணைக்கும் பாடத்தை வணிகப் படிப்பின் முடிவில் வைக்கவேண்டும் எனப் பரிந்துரைத்தது. மூன்று ஆண்டுகள் கழித்து ஆல்ஃபிரட் சேண்ட்லரின் ‘ஸ்ட்ராட்டஜி அண்ட் ஸ்ட்ரக்சர்’ வந்தது. டூபான்ட், ஜெனரல் மோட்டார்ஸ், நியூ ஜெர்சி ஸ்டாண்டர்டு ஆயில், சியர்ஸ் ரோபக் என்னும் நான்கு நிறுவனங்களின் ஆவணங்களைக் கொண்டு அது எழுதப்பட்டது. சேண்ட்லர் மேலாண்மை ஆலோசகர் அல்லர், வரலாற்றாசிரியர். இத்துறையின் மூலநூல்களுள் ஒன்று வரலாற்று நூல் என்பதை நம் வகுப்பறைகள் பெரும்பாலும் மறந்துவிட்டன. 1977இல் பிட்ஸ்பர்க் கருத்தரங்கு, 1979இல் ஷெண்டல்–ஹோஃபர் தொகுப்பு, 1980இல் மைக்கேல் போர்ட்டரின் நூல் என்று அடுத்தடுத்து வந்தபோது, ‘வணிகக் கொள்கை’ என்ற பழம்பெயரின் இடத்தை ‘உத்திசார் மேலாண்மை’ பிடித்துக்கொண்டது.

இந்தியாவில் கல்கத்தா, அகமதாபாத் மேலாண்மைக் கழகங்கள் 1961இல் தோன்றின. ஹார்வர்டுடன் இணைந்து தொடங்கிய அகமதாபாத், நேர்வுகளை எழுதும் மரபையும் சேர்த்தே பெற்றது. மாநிலப் பல்கலைக்கழகங்களின் வணிக நிருவாகவியல் துறைகளுக்கு இப்பாடம் வந்தபோது, அலகு பிரித்த பாடத்திட்டமாகவும் தலைப்புகள் நிறைந்த நூலாகவும் வந்தது. எழுதும் மரபு அதே அளவில் உடன்வரவில்லை. தருமபுரி உள்ளிட்ட பகுதிக்கெனச் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் 1997இல் நிறுவப்பெற்ற காலத்தில் இப்பாடத்தின் வடிவம் ஏறத்தாழ உறைந்துவிட்டிருந்தது.

சொல்லும் ஒப்பீடும்

‘உத்தி’ என்பதைத் தமிழுலகம் புதிதாக அறியவில்லை. தொல்காப்பிய மரபியல் முப்பத்திரண்டு உத்திகளைத் தொகுக்கிறது. அவை நூல் யாக்கும் முறைகள். அச்சொல் இன்று போட்டியில் வெல்லும் வழி என்னும் பொருளுக்கு நகர்ந்துள்ளது. இலங்கைத் தமிழில் ‘மூலோபாய முகாமைத்துவம்’ என்பது வழக்கு.

திருக்குறளின் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய நான்கு அதிகாரங்களையும் வலிமை, வலுவின்மை, வாய்ப்பு, அச்சுறுத்தல் என்னும் பகுப்பாய்வோடு பொருத்திக்காட்டும் கட்டுரைகள் நம்மிடையே மிகுதி. கலைச்சொல்லாக்கத்துக்கு அவை பயன்படும் என்பதில் ஐயமில்லை. ஆனால் குறள் விளிப்பது வினைமேற்செல்லும் வேந்தனை. உத்திசார் மேலாண்மை எழுந்தது பல பிரிவுகளாய்ப் பெருகிய பங்கு நிறுவனங்களை ஆளும் தேவையிலிருந்து. இவ்வேறுபாட்டைக் கவனியாத ஒப்பீடு, பாடம் எந்த மண்ணில் முளைத்தது என்ற கேள்வியையே எழவிடாமல் செய்கிறது. தகடூரை ஆண்ட அதியமானை மேலாண்மையாளனாகக் காட்டுவதினும், அவன் ஆண்ட நிலத்தில் 1970களில் என்ன நடந்தது என்று கேட்பது பயன் மிகுந்தது.

ஓசூர் என்னும் நேர்வு

இன்று கிருட்டிணகிரி மாவட்டத்தில் உள்ள ஓசூர், 2004 பிப்ரவரி 9 வரை தருமபுரி மாவட்டத்தின் பகுதி. பெங்களூருக்கு ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், மாநில எல்லையில் உள்ள ஊர். 1971இல் நிறுவப்பெற்ற சிப்காட் அங்கு தொழில் வளாகம் அமைத்தது. தொழிலில் பின்தங்கிய மாவட்டம் என்ற வகைப்பாட்டால் தருமபுரிக்குக் கிடைத்த சலுகைகள், பெங்களூரின் பொறியியல் திறனுக்குப் பக்கத்திலேயே ஆலை தொடங்கும் வாய்ப்பாக மாறின. டி.வி.எஸ். 50 மொபெட்டும் அசோக் லேலண்டின் ஓசூர் ஆலையும் 1980இல் வந்தன.

இவற்றுள் உத்திசார் மேலாண்மை ஆசிரியர்கள் அடிக்கடி எடுத்தாளும் நேர்வு டைட்டன். டாடா குழுமமும் டிட்கோவும் இணைந்து 1984இல் தொடங்கிய கூட்டுத்துறை நிறுவனம் அது. பெயரின் முற்பகுதி டாடாவையும் பிற்பகுதி தமிழ்நாட்டையும் சுட்டும். சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1961 முதல் பெங்களூரில் கடிகாரம் செய்துவந்த எச்.எம்.டி. பெரிதும் இயந்திரக் கடிகாரத்தைச் சார்ந்திருக்க, செர்க்செஸ் தேசாய் தலைமையிலான டைட்டன் குவார்ட்ஸ் தொழில்நுட்பத்தையும் தனக்கென விற்பனைக் கூடங்களையும் தேர்ந்தது. பாடநூல்கள் கதையை இங்கே தொடங்கி, வேறுபடுத்தல் உத்தியின் வெற்றி என்று முடிக்கின்றன.

மாவட்டத்திலிருந்து பார்த்தால் கதை வேறிடத்தில் தொடங்குகிறது. அது தொழில் உரிமம் இன்றிப் பெரிய ஆலை எதையும் தொடங்க இயலாத காலம். நிலத்தைத் தந்தது அரசின் சிப்காட். பங்கு மூலதனம் இட்டது அரசின் டிட்கோ. சலுகைக்குரிய மாவட்டம் எது என்று வரையறுத்ததும் அரசே. இன்றும் டைட்டனின் பங்குகளில் ஏறத்தாழ 28 விழுக்காடு டிட்கோவிடம் உள்ளது. அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம் எனப் புறச்சூழலைப் பிரிக்கும் அட்டவணையில் அரசை முதற்கட்டத்தில் எழுதிவிட்டு மேலே செல்கிறான் மாணவன். ஓசூரில் அரசு அந்தக் கட்டத்துக்குள் அடங்காது. அது நிறுவனத்துக்கு வெளியிலும் நின்றது, உள்ளேயும் அமர்ந்திருந்தது.

பெண்களின் பங்கு இதனினும் கூர்மையானது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1989இல் முதன்முதல் தொடங்கப்பெற்றது தருமபுரி மாவட்டத்தில்தான். சிறுசேமிப்புக்காகக் கூடிய அக்குழுக்களின் வழிவந்த பெண்கள் சிலர், மைராடா தொண்டு நிறுவனத்தின் துணையோடு ‘மெடோ’ என்னும் அமைப்பை உருவாக்கி, டைட்டனுக்குக் கடிகாரப் பட்டைகளைப் பொருத்தித் தரும் பணியை ஏற்றனர். மதிப்புச் சங்கிலி பற்றிய அலகில் இவர்களை எங்கே வைப்பது? வெறும் வழங்குநர் என்றால், அவர்களை வழங்குநராக்கிய பொதுத்திட்டம் கணக்கில் வராது.

பிரிவினைக்குப் பின்

2004இல் ஓசூர் பிரிந்து சென்றது. தொழிற்பேட்டையும் அதனுடன் சென்றது. இன்றைய தருமபுரியில் எஞ்சிய பெரிய ஆலைகளுள் பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் முதன்மையானவை. இவை பாடத்துக்கு ஓசூரைவிடக் கடினமான நேர்வுகள் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

போர்ட்டரின் ஐந்து விசைகளை இங்குப் பொருத்திப் பார்க்கலாம். வழங்குநரின் பேர வலிமை என்பது ஒரு விசை. கூட்டுறவு ஆலையில் கரும்பு வழங்கும் உழவரே பங்குதாரர். அவருக்கு விலை கூடினால் ஆலையின் செலவு கூடும், குறைந்தால் உரிமையாளரின் குடும்பமே தளரும். விலையை இருவரும் பேசி முடிப்பதுமில்லை; கரும்புக்கான அடிப்படை விலையை ஒன்றிய அரசு அறிவிக்கிறது. எந்த ஊர்க் கரும்பு எந்த ஆலைக்கு என்பதும் ஒதுக்கீட்டால் அமைவதால், போட்டியாளர் என்ற விசையும் பெரிதும் மங்குகிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் அரைவைக்குக் கரும்பே போதுவதில்லை. ஆலையை நடத்தும் செயலாட்சியரோ அரசு அலுவலர். மாறுதல் ஆணை வந்தால் அடுத்த பணியிடத்துக்குச் செல்பவர். ஐந்தாண்டுக்கான உத்தியை வகுப்பவர் யார், அதற்கு விடைசொல்லக் கடமைப்பட்டவர் யார் என்பது இங்கு உண்மையான கேள்வி. முழு நிறுவனத்தையும் நடத்துபவரின் இடத்தில் மாணவனை அமர்த்திய ஆர்ச் ஷாவின் வகுப்பு, அப்படியோர் இடம் உண்டு என்று எடுத்துக்கொண்டது.

இந்நேர்வுகளை எழுதச் சான்றுகளுக்குக் குறைவில்லை. மாவட்ட விவரச்சுவடி, டிட்கோ, சிப்காட் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ள அரசாணைகள், ஆலைகளின் பேரவைக் கூட்ட அறிக்கைகள் ஆகியவை உள்ளன. இறுதிப் பருவத் திட்ட அறிக்கைக்காக நுகர்வோர் மனநிறைவு பற்றி நூறு பேரிடம் வினாநிரல் நிரப்பிவரும் மாணவர், பாலக்கோட்டு ஆலையின் பத்து ஆண்டு அரைவைக் கணக்கை மழையளவோடு வைத்து எழுதலாம். அதற்கு வேண்டுவது வழிகாட்டும் ஆசிரியரின் இசைவும் ஒரு பேருந்துச் சீட்டும்தான்.