பிறவி மினமாட்டா நோய்

தாயின் உடலில் சேர்ந்த மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடி வழியாகக் கருவை அடைந்து, வளரும் மூளையைச் சிதைப்பதால் உண்டாகும் நரம்பு நோய். ஜப்பானின் குமாமோட்டோ மாகாணத்தில் உள்ள மினமாட்டாவில் கண்டறியப்பட்டது.

காரணம்: அங்கிருந்த சிஸ்ஸோ ஆலை 1932 முதல் 1968 வரை அசிட்டால்டிஹைடு தயாரித்தது. கழிவுநீரில் இருந்த மெத்தில் பாதரசம் கடலில் கலந்து, மீன், சிப்பி வழியாக மக்களைத் தாக்கியது. பிறந்த பின் தாக்கும் மினமாட்டா நோய் 1956-இல் பதிவானது. முடங்கிய நிலையில் பிறந்த குழந்தைகளுக்கு மூளை முடக்குவாதம் என்றே முதலில் கருதினர். மசசூமி ஹராடா முதலியோரின் ஆய்வுகளுக்குப் பின் 1962-இல் அதுவும் மினமாட்டா நோயே என்பது உறுதியானது.

செயல்முறை: மெத்தில் பாதரசம் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்துடன் இணைந்து, மெத்தியோனின் என்னும் மற்றோர் அமினோ அமிலத்தை ஒத்த வடிவில் நஞ்சுக்கொடியைக் கடக்கிறது. நரம்பு செல்கள் பிரிவதையும் உரிய இடத்துக்கு நகர்வதையும் குலைக்கிறது. பெரியவர்களுக்குப் பார்வைப் புறணி, சிறுமூளை ஆகிய பகுதிகளே பெரிதும் கெடும். கருவிலோ பாதிப்பு மூளை முழுவதும் பரவும். தாய்க்கு அறிகுறி லேசாகவே இருக்கலாம்.

சான்று: பிள்ளையின் தொப்புள்கொடியை உலர்த்திப் பாதுகாக்கும் ஜப்பானிய வழக்கத்தால், பல ஆண்டுகளுக்குப் பின்னும் அதிலிருந்த பாதரசத்தை அளக்க முடிந்தது.

பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013-இல் ஏற்கப்பட்டு, 2017-இல் நடைமுறைக்கு வந்தது.