கொள்ளிப்பாக்கை: நம் அண்டையூரின் கதை

தமிழ்ச் சங்க மேடைகளில் ஆண்டுதோறும் ஒலிக்கும் பெயர்களுள் இராசேந்திர சோழனுடைய பெயரும் ஒன்று. கங்கை கொண்டான், கடாரம் கொண்டான் என்று நம் சிறுவர்கள் மழலை மாறாத குரலில் முழங்கும்போது பெற்றோர் உள்ளம் பூரிக்கின்றது. அஃது இயல்பே. ஆயினும், அம்மன்னனுடைய வெற்றிப் பட்டியலில் கங்கைக்கும் கடாரத்துக்கும் முன்னரே இடம் பெற்ற ஓர் ஊர், நாம் குடியிருக்கும் இந்த ஐதராபாத்திலிருந்து ஒரு பகலிலேயே போய் மீளத்தக்க தொலைவில் இருக்கின்றது என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? சோழர் கல்வெட்டுகள் அதனைக் கொள்ளிப்பாக்கை என்கின்றன. இன்று அதன் பெயர் கொலனுபாக. சமண யாத்திரிகர் அதனைக் குல்பாக் என்பர். அச்சிற்றூரின் நிலத்தையும் வரலாற்றையும் இம்மலரின் வாயிலாக நம் காலனிக் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

ஊரும் நிலமும்

செகந்தராபாத்திலிருந்து காசிப்பேட்டை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் புவனகிரியையும் ராயகிரியையும் கடந்து சென்றால் ஆலேர் என்னும் நிலையம் வரும். அங்கிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கொலனுபாக. வாரங்கல் நெடுஞ்சாலை வழியாகவும் செல்லலாம். ஐதராபாத்திலிருந்து மொத்தத் தொலைவு சுமார் 80 கிலோமீட்டர். முன்பு நல்கொண்டா மாவட்டத்தைச் சார்ந்திருந்த இவ்வூர், 2016ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற யாதாத்ரி புவனகிரி மாவட்டத்தில் இப்போது அடங்கியுள்ளது.

காவிரிக் கரையிலோ பொருநைக் கரையிலோ பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்நிலம் முதற்பார்வையில் வறண்டதாகவே தோன்றும். தக்காணப் பீடபூமியின் கருங்கற் பாறைகள் வழியெங்கும் தலைதூக்கி நிற்கின்றன. யாரோ விளையாட்டாக அடுக்கி வைத்தாற்போல் உருண்டைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கும் காட்சி எங்கும் உண்டு. மண் சிவப்பு. மழையின் பெரும்பகுதி தென்மேற்குப் பருவக்காற்றால் வருவது. வற்றாத ஆறு இல்லாத நாட்டில் ஏரிகளே தாய். மேட்டுநில மழைநீரைக் கரை கட்டித் தேக்கி, அதனைக் கொண்டு நெல் விளைவிக்கும் கலையில் தெலுங்கானத்து முன்னோர் தேர்ந்திருந்தனர். செங்கற்பட்டு, இராமநாதபுரம் ஆகிய ஏரிப்பாசன மாவட்டங்களிலிருந்து வந்த நம் அன்பர்கள் இதனை உடனே உணர்வர். இப்பகுதியின் ஆலேறு மூசியாற்றில் சேர்கின்றது. ஐதராபாத்தின் நடுவே ஓடும் அதே மூசிதான் அது. இரண்டும் ஒரு நீராகிக் கிருஷ்ணையைச் சென்றடைகின்றன.

ஊரின் பெயரும் நீரோடு தொடர்புடையதாகவே இன்று வழங்குகின்றது. தெலுங்கில் கொலனு என்றால் குளம். பாக என்றால் குடில். பழைய சாசனங்களில் காணப்படும் வடிவம் கொல்லிபாக என்பது. நம் சோழ நாட்டுப் புலவர்கள் அதனைக் கொள்ளிப்பாக்கை என்று தமிழ்ப்படுத்திக் கொண்டனர். பாக்கம் என்று முடியும் ஊர்ப்பெயர்களைக் கேட்டுப் பழகிய செவிக்குப் பாக்கை என்பது அந்நியமாகப் படவில்லை போலும்!

மெய்க்கீர்த்தியில் ஒரு பெயர்

அரசன் செய்த அருஞ்செயல்களைக் கல்வெட்டின் தொடக்கத்தில் செய்யுள் நடையில் பொறிக்கும் வழக்கத்தை நிலைபெறச் செய்தவன் முதலாம் இராசராசன். அதுவே மெய்க்கீர்த்தி எனப்பெறும். அவன் மகன் இராசேந்திரன் 1012இல் இளவரசுப் பட்டம் பெற்றுத் தந்தையோடு ஆட்சியில் அமர்ந்தான். அவனுடைய மூன்றாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகளிலேயே நான்கு பெயர்கள் காணப்படுகின்றன: இடைதுறை நாடு, வனவாசி, கொள்ளிப்பாக்கை, மண்ணைக்கடக்கம். இடைதுறை நாடு என்பது கிருஷ்ணைக்கும் துங்கபத்திரைக்கும் இடைப்பட்ட இராய்ச்சூர்ப் பகுதி. வனவாசி வட கன்னட நாட்டின் பழம்பதி. மண்ணைக்கடக்கம் என்பது இராட்டிரகூடரின் தலைநகராக விளங்கிய மால்கேடு. கொள்ளிப்பாக்கை என்பது நம் கொலனுபாகவே என்று வரலாற்றறிஞர் கொள்வர். அவ்வூர் மதிலைச் சுற்றிலும் சுள்ளி மரங்கள் நின்றன என்ற குறிப்பையும் மெய்க்கீர்த்தி நமக்கு விட்டுச் சென்றுள்ளது.

இங்கே ஒரு வியப்பு. செகந்தராபாத்திலிருந்து மேற்கே வாடி செல்லும் இருப்புப்பாதையில் மால்கேடு நிலையம் இருக்கின்றது. கிழக்கே செல்லும் பாதையில் ஆலேர் இருக்கின்றது. இராசேந்திரனின் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ஊர்களுக்கும் நடுவேதான் நாம் வாழ்கின்றோம்!

சோழர் இத்துணைத் தொலைவு படை நடத்திவரக் காரணம் என்ன? கல்யாணியைத் தலைநகராகக் கொண்டு பிற்காலத்தில் புகழ் பெற்ற மேலைச் சளுக்கியர் அன்று தக்காணத்தில் ஓங்கியிருந்தனர். அவர்களுக்கும் சோழர்க்கும் இடையே கிழக்குக் கடற்கரை வேங்கி நாடு ஒரு தீராத வழக்காக இருந்தது. இராசராசன் தன் மகள் குந்தவையை வேங்கி இளவரசன் விமலாதித்தனுக்கு மணம் செய்து கொடுத்து அந்நாட்டைத் தன் பக்கம் இழுத்துக் கொண்டான். சளுக்கியர் அதனைப் பொறுக்கவில்லை. மேற்கிலிருந்து வேங்கியை நோக்கிச் செல்லும் நிலப்பரப்பின் இடையே நின்றது கொல்லிபாக. சளுக்கியர் ஆட்சியில் அஃது ஒரு பெரு நாட்டின் தலைமையூர். அந்நாடு கொல்லிபாக ஏழாயிரம் என்று சாசனங்களில் குறிக்கப்பெறும். அத்தகைய ஊரை அடித்தால் பகைவனின் கீழ்ப்புறம் ஆட்டங்காணும் என்று சோழர் கருதியிருத்தல் கூடும்.

நெருப்பும் உறவும்

இதுவரை சொன்னது மேடைக்கு ஏற்றது. இனிச் சொல்வது சிந்தைக்கு ஏற்றது.

இராசேந்திரனுக்குப் பின் அவன் மகன் இராசாதிராசன் சளுக்கிய நாட்டின்மேல் மீண்டும் படையெடுத்தான். அவனுடைய கல்வெட்டுகள் கொள்ளிப்பாக்கை எரியூட்டப்பட்டதைப் பெருமையோடு கூறுகின்றன. பெயரிலேயே கொள்ளியைச் சுமந்த ஊருக்கு நம் முன்னோர் மெய்யாகவே கொள்ளி வைத்தனர். கல்வெட்டில் அது வெற்றியின் ஒரு தொடர். ஆனால் எரிந்தவை எவை? அரண்மனை மட்டுமா எரிந்திருக்கும்? உழவன் சேர்த்த வைக்கோற்போரும், குயவன் சூளையருகே கட்டிய குடிலும், ஏதுமறியாத குழந்தை உறங்கிய தொட்டிலும் அந்நெருப்புக்கு விலக்காக இருந்திருக்குமா? அவர்களுக்காக மெய்க்கீர்த்தி பாடியவர் எவருமிலர்.

அதே மன்னன் கல்யாணபுரத்தை வென்று ஒரு வாயிற்காவலர் சிலையைச் சோழநாட்டுக்குக் கொண்டுவந்தான். தாராசுரத்தில் கிடைத்த அச்சிலை இன்று தஞ்சைக் கலைக்கூடத்தில் நிற்கின்றது. அது வந்த வரலாறு அதன் பீடத்திலேயே தமிழில் வெட்டப்பட்டுள்ளது. விடுமுறைக்குத் தஞ்சை செல்லும் நம் குடும்பங்கள் அதனைக் காணலாம். சோழர் இழந்ததும் உண்டு. 1054இல் கொப்பம் என்னுமிடத்து நடந்த போரில் இராசாதிராசன் யானைமீதிருந்தபடியே உயிர் துறந்தான்.

பகை இவ்வளவு முற்றிய பின்னர் நிகழ்ந்தது யாது? வீரராசேந்திர சோழன் தன் மகளைச் சளுக்கிய இளவரசன் விக்கிரமாதித்தனுக்கு மணம் செய்து கொடுத்தான்! அவ்விளவரசனே 1076 முதல் 1126 வரை ஐம்பதாண்டுகள் கல்யாணியில் அரசு வீற்றிருந்த ஆறாம் விக்கிரமாதித்தன். திரிபுவனமல்லன் என்பது அவன் விருதுப்பெயர். நாம் ஆலேர் செல்லும் வழியில் ஒரே பாறையாய் எழுந்து நிற்கும் புவனகிரிக் குன்றின்மேல் கோட்டை கட்டியவன் அவனே என்றும், திரிபுவனகிரி என்ற பெயரே புவனகிரி ஆயிற்று என்றும் கூறுவர். ஆகவே, சோழன் எரித்த ஊருக்குச் செல்லும் வழியைச் சோழனின் மருமகன் கட்டிய கோட்டை காத்து நிற்கின்றது. நாட்டுக்கு நாடு பகை. வீட்டுக்கு வீடு உறவு. இரண்டும் கலந்ததே வரலாறு.

இரு சமயங்களின் இல்லம்

எரிந்த ஊர் அழிந்து போகவில்லை. அதனை வாழ்வித்தவை கோயில்கள்.

சமணருக்குக் கொலனுபாக பெருந்தலம். ஆதிநாதராகிய ரிஷபதேவரை இங்கே மாணிக்கசாமி என்று வணங்குகின்றனர். நான்கடிக்கு மேற்பட்ட உயரமுடையதும், ஒரே பச்சைக்கல்லில் அமைந்தது எனப் போற்றப்படுவதுமான மகாவீரர் திருவுருவம் காண்போரை மெய்மறக்கச் செய்யும். 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜினப்பிரப சூரி, தாம் இயற்றிய விவிததீர்த்தகல்பம் என்னும் நூலில் இத்தலத்தைச் சேர்த்திருக்கின்றார். மாணிக்கசாமியின் திருவுருவம் இலங்கையில் மண்டோதரியால் வழிபடப் பெற்றுப் பின்னர் இங்கு வந்தது என்பது தலபுராணம். இராசஸ்தானம், குஜராத் ஆகிய பகுதிகளின் சிற்பிகளைக் கொண்டு சென்ற நூற்றாண்டில் திருப்பணி நடைபெற்றது.

வீரசைவருக்கும் இது தாயகம். அவர்கள் போற்றும் ஐந்து ஆசாரியர்களுள் ஒருவரான இரேணுகர் இவ்வூர்ச் சோமேசுவர லிங்கத்தினின்றும் தோன்றினார் என்பது அவர்தம் நம்பிக்கை. சித்தாந்த சிகாமணி என்னும் வடமொழி நூல், இரேணுகர் மலய மலைக்குச் சென்று அகத்திய முனிவருக்குச் சிவதத்துவம் உபதேசித்தார் என்றும், பின்னர் இலங்கைக்குச் சென்று விபீடணனைக் கண்டார் என்றும் கூறுகின்றது. நம் பொதிகை முனிவரின் ஆசான் கொள்ளிப்பாக்கையிலிருந்து வந்தவர் என்று அந்நூல் சொல்வதைக் கேட்கும்போது நமக்குப் புன்முறுவல் தோன்றுகின்றது; கூடவே ஒரு நெகிழ்ச்சியும் தோன்றுகின்றது.

இவை புராணச் செய்திகள். வரலாற்று நிறைகோலில் வைத்து நிறுக்கத் தக்கவை அல்ல. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமிழகத்து மன்னர் இவ்வூரை வாளோடு நினைத்தனர். இவ்வூரார் தென்திசையை ஞானத்தோடும் வழிபாட்டோடும் நினைத்தனர்.

சோமேசுவரர் கோயில் வளாகத்தில் தொல்பொருள் துறையினரின் காட்சிச்சாலை ஒன்று உண்டு. வயல்களிலும் இடிபாடுகளிலும் கிடைத்த சளுக்கியர், காகதீயர் காலச் சிற்பங்கள் அங்கே இடம் பெற்றுள்ளன. சமணத் தீர்த்தங்கரரும் சைவ நந்தியும் ஒரே வளாகத்தில் அருகருகே இருப்பதைக் காணும்போது, இவ்வூரின் வாழ்வு நமக்கு விளங்கிவிடுகின்றது.

பேரூர் சிற்றூரான விதம்

சளுக்கியர் தளர்ந்தபின் ஓரங்கல் காகதீயர் தலையெடுத்தனர். ஆட்சியின் நடுவிடம் வாரங்கலுக்கு மாறியது. கொல்லிபாகவின் பெருமை குன்றியது. 1323இல் காகதீயர் ஆட்சியும் வீழ்ந்தது. அடுத்துப் பாமினியர், கோல்கொண்டாவின் குதுப்சாகிகள், 1724 முதல் ஆசப்சாகி நிசாம்கள் என ஆள்வோர் மாறினர். 1948இல் ஐதராபாத் அரசு இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1956இல் ஆந்திரப் பிரதேசமும் 2014இல் தெலுங்கானா மாநிலமும் பிறந்தன. ஏழாயிரம் என்று எண்ணப்பட்ட நாட்டின் தலைமையூர், ஆலேர் மண்டலத்துச் சிற்றூர்களுள் ஒன்றாயிற்று. கொடிகள் மாறின, கோயில் மணிகள் மாறவில்லை.

நாம் வந்த வழி

1806இல் சிக்கந்தர் சாவின் பெயரால் செகந்தராபாத் அமைந்த காலத்திலேயே சென்னைப் படையோடு தமிழர் இங்கு வந்தனர். 1874இல் வாடியிலிருந்து செகந்தராபாத்துக்கு இருப்புப்பாதை வந்தது. பின்னர் அது வாரங்கலுக்கும் பெசவாடாவுக்கும் நீண்டது. பாதையோடு எழுத்தரும், தொழிலாளரும், ஆசிரியரும், வணிகரும் வந்தனர். நாமும் நம் பெற்றோரும் அவ்வாறு வந்தவர்களே. நமக்கு இந்நிலம் வேலை தந்தது, வீடு தந்தது, பிள்ளைகளுக்குக் கல்வி தந்தது. அடுத்த வீட்டுத் தெலுங்கு அம்மையார் உகாதிப் பச்சடியை நம் வாயிலுக்குக் கொண்டு வருகின்றார். நாம் பொங்கலைக் கொண்டு செல்கின்றோம். சோழர் படை ஒரு பருவத்தில் வந்து ஒரு பருவத்தில் மீண்டது. கல்லில் ஒரு தொடர் எஞ்சியது. வாளேந்தாமல் வந்த நாமோ தலைமுறை தலைமுறையாக நிலைத்திருக்கின்றோம்.

ஆதலின் இராசேந்திரன் புகழை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா எனின், சொல்லவே வேண்டும். அவன் கடல் கடந்த ஆற்றலும், கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலும் மறக்கத் தக்கவை அல்ல. ஆனால் கொள்ளிப்பாக்கை வெல்லப்பட்டது என்று சொல்லும் நாவே அது எரிக்கப்பட்டது என்பதையும் சொல்லட்டும். நம் பிள்ளையோடு ஒரே வகுப்பில் அமரும் தெலுங்குப் பிள்ளை இக்கதையைக் கேட்டால் அவன் முகம் வாடாதபடி அதனைச் சொல்லக் கற்பதே நமக்குரிய கல்வி.

அடுத்த விடுமுறை நாளில், காலையிற் புறப்படும் வண்டியில் ஆலேர் சென்று இறங்குவோம். கட்டுச்சோறு கையில் இருக்கட்டும். மாணிக்கசாமியையும் சோமேசுவரரையும் தொழுது, காட்சிச்சாலைக் கற்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழர் இவ்வூருக்கு வந்தபோது ஊரார் அஞ்சி ஓடியிருப்பர். இன்று நாம் சென்றால், ‘ரண்டி’ என்று அழைத்து அமரச் சொல்லிக் குடிக்க நீர் தருவர். அந்த நீரை நன்றியோடு பருகி வருவோம்.