சென்னை மணியும் பம்பாய் மணியும்

வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் ஊரிலிருந்து தருவித்த தமிழ் நாட்காட்டி ஒன்று சுவரில் தொங்கக் காண்கிறோம். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை இராகு காலம் என்று அதில் அச்சிட்டிருந்தால், கல்கத்தாவில் இருப்பவரும் மும்பையில் இருப்பவரும் அதையே பார்த்துப் புறப்படுகிறோம். சூரியோதயத்தைக் கொண்டு வகுத்த கணக்கு அது. பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில், சென்னையில் கதிரவன் எழுவதற்கு ஏறத்தாழ அரை மணி முன்பே கல்கத்தாவில் எழுந்துவிடுகிறான். மும்பையிலோ அரை மணி பிந்தி எழுகிறான். நாம் குடியிருப்பது ஓர் ஊரின் சூரியனுக்குக் கீழே. நாள் பார்ப்பது வேறோர் ஊரின் சூரியனைக் கொண்டு.

இத்தடுமாற்றம் நம்மோடு தோன்றியதன்று. ஒரு காலத்தில் இந்நாட்டின் பெருநகரங்கள் யாவும் இரண்டு மணிகளுக்கு இடையே வாழ்ந்தன. சூரியன் உச்சிக்கு வரும் வேளையே நண்பகல் பன்னிரண்டு என்று ஒவ்வோர் ஊரும் தனக்கென நேரம் வைத்திருந்தது. மாட்டு வண்டியிலும் பல்லக்கிலும் பயணம் செய்த நாளில் இதனால் எவருக்கும் இடையூறு இல்லை. இரயிலும் தந்தியும் வந்தன. இடையூறும் உடன் வந்தது. கிரீன்விச் நேரத்திற்குப் பம்பாய் 4 மணி 51 நிமிடம் முந்தியிருந்தது. சென்னை 5 மணி 21 நிமிடம். கல்கத்தா 5 மணி 53 நிமிடம். ஒரே நாட்டின் இரு தலையாய நகரங்களுக்கு இடையே ஒரு மணி நேரத்திற்கு மேல் வேறுபாடு! எந்த ஊரின் மணியைக் கொண்டு வண்டி விடுவது?

இரயில்வேக்காரர்கள் சென்னை மணியைத் தேர்ந்தார்கள். இரு நகரங்களுக்கும் ஏறக்குறைய நடுவே அது அமைந்திருந்தது ஒரு காரணம். நேரத்தைக் கணித்துத் தரும் வானாய்வுக்கூடம் அங்கே இருந்தது மற்றொன்று. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுப்பிய கூடம் அது. அங்கே தொலைநோக்கியைத் தாங்குவதற்கென நிறுத்திய கருங்கல் தூணில், அது எக்காலத்தது என்பதைப் பின்வரும் தலைமுறைகள் அறியும் பொருட்டு, இலத்தீனோடு தமிழிலும் தெலுங்கிலும் எழுத்துப் பொறித்தார்கள். வானியல் ஆராய்ச்சி 1899இல் கோடைக்கானலுக்குப் பெயர்ந்துவிட்டது. தூண் மட்டும் இன்றும் நுங்கம்பாக்கத்து வானிலை நிலைய வளாகத்திலேயே நிற்கிறது. கணித்த நேரம் தந்தி வழியே ஊர் ஊராகச் சென்றது. பஞ்சாபில் புறப்படும் வண்டிகூடச் சென்னை மணிக்குக் கட்டுப்பட்டது என்று எண்ணும்போது நமக்குச் சிறிது பெருமிதம் உண்டாவது இயல்பே.

பம்பாய்வாசிகளுக்கு அந்தப் பெருமிதம் எவ்வாறு இருக்கும்? நகரத்துக் கடிகாரம் ஒன்பதரை காட்டும்போது நிலையத்துக் கடிகாரம் பத்தைக் காட்டும். ஊர் மணியை நம்பிச் சாவகாசமாக வந்தவர் வண்டியின் புகையைத்தான் கண்டிருப்பார். 1881இல் ஆளுநர் ஜேம்ஸ் பெர்குசன் அரசாங்க அலுவலகங்கள் யாவும் சென்னை மணியையே பின்பற்ற வேண்டும் என ஆணையிட்டார். வணிகர்கள் மறுத்தார்கள், பல்கலைக்கழகத்தின் இராஜாபாய் கோபுரக் கடிகாரமும் பம்பாய் மணியையே காட்டி நின்றது. அப்படியாயின் அதற்கு விளக்கேற்றும் செலவைத் தர இயலாது என்றது அரசாங்கம்! கடிகாரத்தோடு ஓர் அரசாங்கம் ஊடிய இந்தப் பூசல் ஈராண்டுகளில் அரசாங்கத்தின் பின்வாங்கலில் முடிந்தது.

1906 சனவரி முதல் நாள், நாடு முழுவதற்கும் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்திய திட்ட நேரம் வந்தது. சென்னைக்கு அதனால் 9 நிமிடம்தான் மாறுபாடு. ஒன்பது நிமிடத்திற்காக யார் ஊர்வலம் போவார்? நாடெங்கும் செல்வாக்கோடு இருந்த தன் மணியை அந்நகரம் அரவமின்றி விட்டுக்கொடுத்தது. பம்பாய்க்கோ 39 நிமிடம். வங்கப் பிரிவினையால் மனம் கொதித்திருந்த நேரம் அது. தம் ஊரின் மணியையும் அன்னியர் மாற்றுகிறார்களே என்று படித்தவர்கள் சினந்தார்கள். ஆயினும் நம் உள்ளத்தைத் தொடுவது ஆலைத் தொழிலாளரின் நிலையே. மார்கழி மாதத்தில் பம்பாயில் புதிய நேரப்படி ஏழு மணிக்கு மேல்தான் பொழுது புலரும். ஆலைச் சங்கு அதே மணிக்கு ஊதினால், முப்பத்தொன்பது நிமிடத் தூக்கத்தை இழந்து இருளில் நடப்பவர் அவர்தாம். அம்மாதமே ஆயிரக்கணக்கானோர் தறிகளை விட்டு வெளியேறினார்கள், கற்களும் பறந்தன. இதனை அறியாமை என்று எழுதியவர்கள் உண்டு. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. காலத்தை ஒழுங்கு செய்பவர் ஒருவராகவும் அதற்கு விலை கொடுப்பவர் வேறொருவராகவும் இருக்கும்போது, பின்னவர் குரல் எழுப்பத்தானே செய்வார்?

பம்பாயின் நகராட்சி தன் பழைய மணியை எளிதில் விடவில்லை. 1950களில்தான் அது முற்றிலும் மறைந்தது. கல்கத்தா 1948 வரை தன் நேரத்தைக் காத்தது. திட்ட நேரத்திற்கும் அதற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 23 நிமிடம், அதாவது நம் முன்னோர் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு நாழிகை. இடையே உலகப் போர் வந்தபோது, 1942 முதல் 1945 வரை, நாட்டின் கடிகாரங்கள் யாவும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டிருந்தன. அந்நாளில் பிறந்தவர்களுக்குச் சாதகம் கணிக்கும் சோதிடர்கள் அந்த ஒரு மணியைக் கழித்தாக வேண்டும். மறந்தவர் கையில் இலக்கினமே மாறிவிடும்!

இன்று கிழக்கு எல்லைக்கும் மேற்கு எல்லைக்கும் உதயத்தில் ஏறத்தாழ இரண்டு மணி வேறுபாடு இருப்பினும் நாட்டிற்கு நேரம் ஒன்றே. அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டங்களில் மட்டும் திட்ட நேரத்திற்கு ஒரு மணி முந்திய ‘தோட்ட மணி’ வழங்கி வருகிறது. வெளிச்சம் உள்ளபோதே வேலை முடிய வேண்டும் என்பது அதன் நோக்கம். அப்பக்கத்தில் வாழும் தமிழன்பர் எவரேனும் இதனைப் படிப்பாராயின், அவர் வீட்டுக் கடிகாரம் எந்த மணியைக் காட்டுகிறது என்று அறிய நமக்கு ஆவல் உண்டு.