எண்ணும் எண்ணமும்

‘எண்ணுதல்’ என்னும் சொல் தொகையிடுதலையும் ஆராய்ந்து கருதுதலையும் ஒருங்கே உணர்த்தும். களுவாஞ்சிக்குடி வயற்களங்களில் நெல்லை மரைக்காலால் அளந்து எண்ணிய உழவர், வித்துக்கு எவ்வளவு ஒதுக்குவது என்றும் எண்ணினர்.

இவ்விரு பொருளையும் தம் ஆராய்ச்சியில் இணைத்தவர், தெற்கேயுள்ள காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள். விஞ்ஞானப் பட்டதாரியாகிய அவர், சிலப்பதிகாரத்தின் இசைக் குறிப்புகளை ஓர்ந்து பொருள் தெளிந்து, வழக்கொழிந்த யாழின் சுருதி அளவுகளைக் கணித்தார். அவ்வாராய்ச்சி ‘யாழ் நூல்’ என 1947இல் அரங்கேறியது. அவ்வாண்டே அடிகளார் மறைந்தார். சொற்பொருள் தெளியாதிருப்பின் அக்கணக்கு வெறுந்தொகையாகவே நின்றிருக்கும்.

மாணவரின் புள்ளிகளைக் கூட்டுதல் எளிது. அவர்தம் தகுதியை ஓர்தல் அரிது. முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதையும் செய்ததாகக் கருதுவோமாயின், எண்ணியும் எண்ணாதவராவோம்.