எலி விழுந்த வீடும் தகரம் அடித்த வாசலும்

கூட்டமைப்பு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க என்று தலைவி அக்கா கேட்டபோது, குழு ஆரம்பித்த கதையைத்தான் எழுதுவேன் என்று பலர் நினைத்திருப்பீர்கள். அதை எழுத என்னைவிட மூத்தவங்க இருக்காங்க. நான் எழுத உட்கார்ந்தது ஒரு நோயைப் பற்றி. அதுவும் 125 வருஷத்துக்கு முன்னால் வந்த நோய்.

கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயிலை நம்மில் நிறைய பேர் பார்த்திருப்போம். பிளேக் என்பது இங்கிலீஷ் வார்த்தை. அதை அம்மன் பேரோடு சேர்த்துக் கும்பிடுகிற அளவுக்கு அந்த நோய் நம்ம பாட்டன் பூட்டன் காலத்து ஜனங்களை ஆட்டி வைத்திருக்கிறது. வீட்டுக்குள் எலி செத்துக் கிடந்தால் எங்க அம்மிச்சிக்கு முகமே மாறிவிடும். "எலி விழுந்தா ஊரைக் காலி பண்ணோணும்" என்பார். அவங்க அம்மா சொன்னதாம். கிழவி ஏதோ உளறுது என்று நாங்கள் சிரிப்போம். அது உளறல் இல்லை என்று எனக்குத் தெரியவந்தது 2020-க்குப் பிறகுதான்.

அந்த வருஷம் தமிழ்நாடு முழுக்கக் குழுப் பெண்கள் முகக்கவசம் தைத்தார்கள். நம்ம ஊராட்சியிலும் தையல் மிஷின் ஓயவில்லை. அதைப் பேச எல்லாருக்கும் பெருமைதான். நான் சொல்ல வந்தது பெருமை இல்லாத விஷயம். வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கு எடுக்கிறவர்களுக்கு வழிகாட்ட ஊக்குநர்களைக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். எங்கள் குழுவிலேயே இருந்த ஓர் அக்கா வீட்டில் (பெயர் வேண்டாம்) இருமல் சத்தம் கேட்டது என்று சொன்னது நான்தான். அன்று சாயங்காலமே சைரன் போட்டுக்கொண்டு வண்டி வந்து அவர் வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு போனது. மறுநாள் வாசலில் தகரம் அடித்தார்கள். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. 14 நாள் கழித்துத் தகரத்தை எடுத்த பிறகும் 2 மாசம் அவர் மாட்டுப் பாலை யாரும் வாங்கலை. வீட்டுக்காரர் பிழைத்து வந்துட்டார். ஆனா அக்கா குழுக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஒரே ஒரு தடவை தெருவில் என்னை நிறுத்திக் கேட்டார்: "அம்மிணி, எங்கிட்ட ஒரு வார்த்தை முதல்ல சொல்லியிருக்கலாமில்ல?"

நோய் பரவாமல் தடுக்க வேண்டும் என்பதும் நிஜம். அக்கா கேட்டதும் நிஜம். ரெண்டையும் வைத்துக்கொண்டு ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தேன். வரலாறு எம்.ஏ. படிக்கிற என் மகள், "இதே மாதிரி நம்ம நாட்டிலேயே நடந்திருக்கும்மா" என்று பம்பாய்ப் பிளேக் கதையைச் சொன்னாள். அப்புறம் அவள் கொண்டுவந்த புத்தகங்களை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

1896 செப்டம்பர். பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி என்கிற பகுதி. பூராவும் தானியக் கிடங்கு. தானியம் இருக்கிற இடத்தில் எலி இருக்கும். அங்கேதான் அக்குளிலும் தொடை இடுக்கிலும் கட்டி கட்டி ஜனங்கள் காய்ச்சலில் சாகத் தொடங்கினார்கள். அகாசியோ வியேகாஸ் என்ற டாக்டர் இது பிளேக் என்று கண்டுபிடித்துச் சொன்னார். நோய்க்குக் காரணமான கிருமியை 1894-லேயே ஹாங்காங்கில் அலெக்சாண்டர் எர்சின் என்பவர் கண்டுபிடித்திருந்தார். ஆனால் அந்தக் கிருமி மனுஷன் உடம்புக்குள் எந்த வழியாக வருகிறது என்று யாருக்கும் தெரியாது. அழுக்கிலிருந்து வருது, மண்ணிலிருந்து வருது, காற்றில் வருது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அதனால் சாக்கடையில் மருந்து ஊற்றினார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், சாமான்களைக் கொளுத்தினார்கள், ஆளைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்ப மாட்டோம் என்ற பயம். அக்டோபர் மாசம் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியை ஆயிரம் மில் தொழிலாளிகள் வரைக்கும் சேர்ந்துபோய்த் தாக்கினார்கள். சில மாசத்தில் பம்பாயில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஊரைவிட்டு ஓடிவிட்டார்கள். அவர்களோடு நோயும் ரயில் ஏறியது.

1897 பிப்ரவரியில் அரசாங்கம் தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. நாலே நாலு பிரிவு. எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம், யாரையும் தூக்கிப்போகலாம் என்கிற மாதிரி அதிகாரம். 2020 மார்ச்சில் நம்ம நாட்டில் திரும்ப எடுத்து வைத்ததும் இதே சட்டம்தான் என்று படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

புனேயில் ராண்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரி தலைமையில் பட்டாளத்தையே வீடு சோதிக்க விட்டார்கள். சமையல் கட்டு, பூஜை அறை எல்லாவற்றிலும் பூட்ஸ் காலோடு நுழைந்தார்கள். கட்டி இருக்கிறதா என்று பெண்களைத் தெருவில் வைத்துச் சோதித்தார்கள். அவமானம் தாங்காத ஜனங்கள் நோயாளியை ஒளித்து வைத்தார்கள், பிணத்தை ராத்திரியில் வீட்டுக்குள்ளேயே புதைத்தார்கள் என்றெல்லாம் அந்தக் காலத்துக் கதைகள் சொல்லுகின்றன. 1897 ஜூன் 22 ராத்திரி சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். சில நாளில் அவர் இறந்தார். சகோதரர்களைத் தூக்கில் போட்டார்கள். சுட்டது சரியா என்ற விவாதத்துக்கு நான் போகலை. ஒரு நோயைத் தடுக்கப்போய் ஊரே எரிகிற நிலை வந்தது, அதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

அதே புனேயில், அதே மார்ச் மாசத்தில் இன்னொன்றும் நடந்தது. பெண்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்திய சாவித்திரிபாய் பூலேயை நமக்கெல்லாம் தெரியும். அவருக்கு அப்போது 66 வயசு. மகன் யஷ்வந்த் டாக்டர். ஊருக்கு வெளியே பிளேக் நோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனை போட்டார்கள். நோயில் கிடந்த ஒரு ஒடுக்கப்பட்ட சாதிப் பையனைச் சாவித்திரிபாய் தன் முதுகில் தூக்கிக்கொண்டு அங்கே போனார். அவருக்கும் நோய் தொற்றி 1897 மார்ச் 10 அன்று இறந்துபோனார். பட்டாளம் வந்தால் கதவைச் சாத்திய ஊரில், அந்த அம்மா வந்தால் பிள்ளையைக் கொடுத்திருக்கிறார்கள். இந்த இடத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அக்கா தெருவில் நின்று கேட்டது காதில் விழுந்துகொண்டே இருந்தது.

சரி, ஆராய்ச்சிப் பக்கம் வருவோம். பம்பாயில் வால்டிமார் ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி சில மாசத்துக்குள் பிளேக் தடுப்பூசி தயாரித்தார். 1897 ஜனவரியில் முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டார். ஊசி இருந்தால் போதுமா? யார் போட்டுக்கொள்வது? கோஜா முஸ்லிம் சமூகத்தின் தலைவரான ஆகா கான், அப்போது சின்ன வயசுக்காரர், தன் ஜனங்களுக்கு முன்னாலேயே ஊசி போட்டுக்கொண்டார். அதைப் பார்த்து அவர்களும் வந்தார்கள். மருந்தைக் கண்டுபிடிக்கிறவர் ஒருத்தர், அதை நம்ப வைக்கிறவர் வேறொருத்தர். குழுக் கடனைத் திருப்பிக் கட்டச் சொல்லி வீட்டுக்கு வீடு போன நமக்கு இது தெரியாத சங்கதி இல்லை.

எலிக் கதைக்கு வருகிறேன். பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர் பிளேக்கை ஆராய இங்கே வந்தார். மற்றவர்கள் ரத்தத்தையும் சளியையும் பார்த்துக்கொண்டிருக்க, இவர் செத்த எலியைப் பார்த்தார். எலி விழுந்த வீட்டிலேதான் சில நாளில் மனுஷனும் விழுகிறான். நோயாளிகள் சிலர் காலில் பூச்சி கடித்த மாதிரி சின்னக் கொப்புளம். 1898 ஜூனில் கராச்சியில் ஒரு சோதனை செய்தார். நோய் வந்த எலியையும் நல்ல எலியையும் ஒன்றையொன்று தொட முடியாதபடி நடுவில் கம்பி வலை வைத்து அடைத்தார். தெள்ளுப்பூச்சி மட்டும்தான் வலையைத் தாண்ட முடியும். நல்ல எலிக்கும் நோய் வந்து செத்தது. ஆக, நோயைச் சுமந்தது எலித்தெள்ளு. அவர் சொன்னதை அப்போது பெரிய டாக்டர்கள் பலர் ஏற்றுக்கொள்ளவில்லை. பம்பாயில் 1905-இல் தொடங்கிய ஆராய்ச்சிக் குழு, பிளேக் வந்த வீடுகளுக்குள் கினிப்பன்றிகளைக் கூண்டில் விட்டுப் பார்த்தது. தெள்ளு தாவ முடியாத உயரத்தில் தொங்கவிட்ட கூண்டில் இருந்தவை பிழைத்தன. தரையில் இருந்தவை செத்தன. அதற்கப்புறம்தான் உலகம் நம்பியது.

இதில் எனக்கு ஆச்சரியம் எது தெரியுமா? இமயமலை அடிவாரத்துக் குமாவோன், கட்வால் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் இதெல்லாம் வருவதற்குப் பல வருஷம் முன்பிருந்தே, எலி செத்து விழுந்தால் வீட்டைக் காலி பண்ணிவிட்டு வெளியே போய்க் குடிசை போட்டுத் தங்குவார்களாம். வெள்ளைக்கார அதிகாரிகளே இதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். எங்க அம்மிச்சி சொன்னதும் அதுதானே! குறிப்பு ஃபைலில் கிடந்தது. அதை எடுத்துக் கிருமி ஆராய்ச்சிக்காரர் கையில் கொடுக்க ஆள் இல்லை. பூச்சியைப் படித்தவர் ஒரு பக்கம், கிருமியைப் படித்தவர் ஒரு பக்கம், சட்டம் போட்டவர் ஒரு பக்கம் என்று தனித்தனியாக இருந்த வருஷங்களில் ஜனங்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். அடுத்த 20, 25 வருஷத்தில் இந்தியாவில் மட்டும் பிளேக்கில் இறந்தவர்கள் கிட்டத்தட்ட 1 கோடி.

எஞ்சினியர்களும் சும்மா இருக்கவில்லை. நெருக்கடியான சந்துகளால்தான் நோய் என்று 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைத்துக் குடியிருப்புகளை இடித்து அகலமான ரோடு போட்டார்கள். இடித்த அளவுக்கு வீடு கட்டிக் கொடுக்கவில்லை. வீடு போன கூலிக்காரர்கள் பக்கத்துச் சந்தில் போய் இன்னும் நெருக்கிக்கொண்டு குடியிருந்தார்கள். ஆனால் அதிகாரிகள் ஒன்றை அனுபவத்தில் கற்றுக்கொண்டார்கள். பலவந்தத்தைக் குறைத்தார்கள். அந்தந்தச் சமூகத்தார் தாங்களே நடத்துகிற ஆஸ்பத்திரிகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். ஒளிந்திருந்த நோயாளிகள் அங்கே தாங்களாக வந்தார்கள்.

இவ்வளவு பட்ட பிறகு உலகம் பாடம் படித்திருக்கும் என்றுதானே நினைப்போம்? 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா வந்தபோது திரும்பவும் அதே கதை நடந்தது. கினியா, லைபீரியா, சியரா லியோன் மூன்று நாடுகளிலும் சேர்த்து 11,000 பேருக்கு மேல் இறந்தார்கள். எபோலாவில் இறந்தவர் உடம்பில் கிருமி உயிரோடு இருக்கும். அங்கே இறந்தவரைக் குளிப்பாட்டி, தொட்டுக் கும்பிட்டு அனுப்புவது வழக்கம்; நம்ம ஊரிலும் அப்படித்தானே. உடம்பைத் தொடாதே என்று மட்டும் சொல்லி, முகம் தெரியாத கவச உடையோடு வந்து பையில் சுற்றித் தூக்கிப்போனார்கள். ஜனங்கள் பிணத்தை ஒளித்தார்கள். கினியாவில் ஒரு கிராமத்தில், விழிப்புணர்வு சொல்லப் போன குழுவில் 8 பேரைக் கொன்றேவிட்டார்கள்.

ஆனால் இந்தத் தடவை மானிடவியல் ஆய்வாளர்களையும் கூப்பிட்டார்கள். ஓர் ஊரில் போய்த் தங்கி, அந்த ஜனங்கள் பிறப்பு, கல்யாணம், சாவை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டு எழுதுகிற படிப்பு அது. இந்தப் படிப்பால் யாருக்கு என்ன லாபம் என்று முன்னே நானே கேட்டிருப்பேன். கினியாவில் கிஸ்ஸி இனத்து கர்ப்பிணி ஒருத்தி எபோலாவில் இறந்தாள். வயிற்றுப் பிள்ளையோடு புதைத்தால் ஊருக்கே ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை. குழந்தையை எடுத்துவிட்டுப் புதைக்கச் சொன்னார்கள். எடுத்தால் எடுக்கிறவருக்கு நோய் வந்துவிடும் என்று மருத்துவர்கள் மறுத்தார்கள். ஊர் கொதித்தது. ஜூலியன் அனோகோ என்கிற மானிடவியல் அம்மையார் போய்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசினார். இப்படி ஆகிவிட்டால் குற்றம் கழிக்க அவர்களுக்குள்ளேயே ஒரு சடங்கு உண்டா என்று தேடி, அதைச் செய்யத் தெரிந்த பெரியவரை அழைத்துவந்து செய்ய வைத்தார். செலவை உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. உடம்பைத் திறக்காமலே அடக்கம் நடந்தது.

2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் அடக்க முறையையே மாற்றி எழுதியது. குடும்பத்தாரிடம் முதலில் பேச வேண்டும், அவர்கள் சம்மதித்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும், தூரத்தில் நின்று பார்க்கவும் பிரார்த்தனை செய்யவும் இடம் தர வேண்டும். மருத்துவர்களோடு மதப் பெரியவர்களும் மானிடவியல் ஆட்களும் சேர்ந்து எழுதியது அது. முதலில் பேச வேண்டும் என்ற அந்த வரியை என் மகள் படித்துக் காட்டினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் எழுந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன்.

மன்னிப்புக் கேட்டேன். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. காபி கொடுத்தார், பேசலை. நாலைந்து தடவை போன பிறகுதான் வாய் திறந்தார். போன வருஷம் நம்ம கூட்டமைப்பில் தீர்மானம் போட்டு ஒரு நோட்டு ஆரம்பித்தோமே, அதற்கு அவரைத்தான் பொறுப்பாகப் போட்டிருக்கிறோம். அடுத்து ஒரு நோய் வந்தால் தெருவுக்குத் தெரு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற நோட்டு. ஒரே அறை உள்ள வீடு எது, தனியாக இருக்கிற முதியவர் யார், கர்ப்பிணி யார், எந்த வீட்டில் யார் போய்ச் சொன்னால் கேட்பார்கள், சாவு வீட்டில் குளிப்பாட்டப் போகிறவங்க யார், எங்கே எலித் தொல்லை அதிகம் என்று கட்டம் போட்டுக் கொண்டுபோனேன். எல்லாம் யோசித்துப் போட்டுவிட்டதாக எனக்கு நினைப்பு.

அக்கா நோட்டை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் ஸ்கேல் வைத்துக் கடைசியில் ஒரு கட்டம் தானே கோடு போட்டு மேலே எழுதினார்: "வீட்டை அடைச்சா மாட்டுக்குத் தண்ணி காட்டுறது யாரு?"